கொக்கம்மாவின் கோபம்

அத்தியாயம் 11

போன வாரம் நஃபீசாவைக் கோபத்தோடு விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் ஆயிற்றே, கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எட்டிப் பார்த்தால், அது உப்பும் காரமும் ஏறி நன்றாக ஊறிப்போயிருக்கிறது. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக அந்தக் கோபத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அதிராம்பட்டினத்தில் நஃபீசாவின் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து வண்டியேற்றி அனுப்பும் வழக்கம் கிடையாது. பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு வரவழைப்பார்கள். நஃபீசாவுக்கும் அவள் வாப்பா ஒரு வீடு கொடுத்தார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் சலாஹுதீன். வந்த கையோடு ஷார்ஜாவுக்குப் போனார். லீவில் வரும்போதெல்லாம் விருந்தாளி. விருந்தாளியோடு யாருக்கும் சண்டை வராது.

போன வருஷம் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அப்போதுதான் பிடித்தது சனி. ஊரில் அவருக்கு வேலை இல்லை, நஃபீசாவுக்கு ஓய்வு இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் நடு ஹாலில் பலகையைப் போட்டு ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால் சிரிப்பு. மரத்தூள் பறந்து ஆறவைத்த பாலில் விழுந்தது. சிவப்புப் பெயிண்ட் டப்பா சாய்ந்து தரையெல்லாம் ஓடியது. பக்கத்து வீட்டில் கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அவர்கள் காதிலும் விழும்படி நஃபீசா கேட்டாள்:

"இது என்ன, உங்க வூடா?"

மாப்பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இதைச் சொல்லக்கூடாது. சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எங்கே போவார்? அவர் உம்மா வாழ்ந்த வீடு இப்போது தங்கை ஜஸீலாவின் வீடு. அங்கே போனார். ஆனால் அடுத்த மாதம் ஜஸீலாவின் மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வரப்போகிறார். புது மாப்பிள்ளை வருகிற வீட்டில் பழைய மாமா எத்தனை நாள் பாய் விரிப்பது? வரும் புதன்கிழமைக்கு ஷார்ஜாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார் என்பது போன வாரக் கடைசியில் நஃபீசாவின் காதுக்கு வந்தது. போனால் திரும்பி வர ரெண்டு வருஷம். திரும்பி வந்தாலும் எந்த வீட்டுக்கு வருவார்?

இன்று ஞாயிற்றுக்கிழமை.

---

"எல்லாம் வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிரும்மா" என்றார் ஜாபிர், காரை ஓட்டிக்கொண்டே.

ஜாபிர் நஃபீசாவின் காக்கா, அதாவது அண்ணன். பட்டுக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைப் பெண்வீட்டு ஆண் ஒருத்தர் போய் மரியாதையாகக் கூப்பிட்டு வரவேண்டும் என்பது முறை. வாப்பா உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார்; அதனால் அந்தப் பொறுப்பு காக்காவுடையது. அவரும் தினமும் "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு" என்கிறார். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

"காக்கா, நீங்க சொன்ன மாதிரி நான் வந்துட்டேன். சாயங்காலம் நீங்க போகணும்."

"அதான் சொன்னேனே. நீ புள்ளை ஆசைப்பட்ட அந்த ஏரி விளையாட்டை முடிச்சுக் கொடு, நான் மச்சானைக் கூட்டிட்டு வர்றேன்."

"அவங்களைக் கூப்புடப் போக எனக்கு ஒரு பரீட்சையா?"

"பரீட்சை இல்லம்மா. எனக்குக் கொஞ்சம் தைரியம் வரணும்ல? நானும் ஒரு வூட்டுல மாப்பிள்ளைதான். மச்சான் முகத்தைப் பார்த்து என்னன்னு பேசுறது?"

நஃபீசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தென்னந்தோப்புகள் ஓடின. பின்சீட்டில் மகள் சுமையா, ஏழாம் வகுப்பு, குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். "உம்மா, 'அதிரைப் புலிகள்' நல்லா இருக்கா?"

"புலி உன் மாமா. ஒரு தெரு தாண்டிப் போக மூணு வாரமா முடியலை."

பேராவூரணிக்கு அந்தப் பக்கம் நொச்சியேரி. புயலில் கரையிலிருந்த மரமெல்லாம் சாய்ந்த பிறகு, சுற்றுவட்டார இளைஞர்கள் சேர்ந்து ஏரியைத் தூர்வாரி, கரை நெடுக மரக்கன்று நட்டார்கள். நட்டது இப்போது காடாகிவிட்டது. தை மாதம் ஆகையால் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் ஏரியில் தளும்பிக்கொண்டு நின்றது. மரத்துக்கு மரம் பறவைகள். நஃபீசாவின் கண்ணுக்கு அவை போட்டிருந்த எச்சம்தான் முதலில் தெரிந்தது.

தொப்பி போட்ட ஒரு பெண் வரவேற்றாள். கனிமொழி. வேளாண்மைத் துறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த ஏரி.

"வாங்கக்கா. விளையாட்டு ரொம்ப சுலபம். காட்டுக்குள்ள சிவப்புப் பெட்டிங்க ஒளிச்சு வச்சிருக்கோம், தபால் பெட்டி மாதிரி. ஒவ்வொண்ணுலயும் கதையில ஒரு பக்கம் இருக்கும். சத்தம் போட்டுப் படிக்கணும். கீழே அடுத்த பெட்டிக்குத் துப்பு இருக்கும். உள்ளே இருக்கிற ரப்பர் சீலை நான் தர்ற அட்டையில குத்திக்கிட்டு, பெட்டியைப் பழைய இடத்துலயே மறைச்சு வச்சிட்டு வந்துரணும். பின்னால வர்றவங்களுக்கு வேணும்ல?"

"கடைசியில என்ன கிடைக்கும்?" என்றார் ஜாபிர்.

"கதையோட முடிவு."

"திங்கறதுக்கு?"

"அதுக்குத் தனி ஸ்டால் இருக்குண்ணே."

ஜாபிர் உடனே போய் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார்.

---

முதல் துப்பு: 'புயலில் விழுந்தும் சாகாமல், படுத்துக்கொண்டே தழைக்கிறேன். என் இடுப்பில் தேடு.'

சுமையா ஓடினாள். கரைச் சரிவில் ஒரு புங்கமரம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. கிடந்தபடியே கிளை கிளையாக வானத்தைப் பார்த்து எழும்பியிருந்தது. நடுவில் இருந்த பொந்தில் கைவிட்டு ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்தாள். நஃபீசாவின் அபாயா விளிம்பு முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. அவள் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை.

ஜாபிர் குரலைக் கனமாக்கிக்கொண்டு படித்தார்:

'நொச்சியேரியில் ஒரு வழக்கம் உண்டு. மரம் பெண் பறவைக்கு. ஆண் பறவை தன் அலகையும் இறகையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து சேர வேண்டும். அப்படித்தான் கொக்கம்மாவின் மரத்துக்கு நாரையார் வந்தார்.'

"அட, நம்ம ஊர்ப் பறவைங்க!" என்று ஜாபிர் சிரித்தார்.

"கொக்குக்கு எப்படி நாரை மாப்பிள்ளையா வரும்? கதை எழுதுனவனுக்கு அது கூடவா தெரியாது?"

"கதை உம்மா!"

"கதைன்னா என்ன வேணா எழுதுவாங்களா?"

சுமையா சீலைக் குத்தினாள். ரப்பரைச் செதுக்கிச் செய்த சீல். அட்டையில் ஒரு கொக்கு விழுந்தது, இடுப்பில் இறக்கையை ஊன்றிக்கொண்டு.

இரண்டாவது பெட்டி மதகுச் சுவருக்குப் பின்னால் இருந்தது. வழி முழுக்கச் சேறு. நஃபீசாவின் ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட, கால் மட்டும் முன்னால் போனது. "இதுக்குப் பேரு விளையாட்டு" என்று அவள் சேற்றிடம் சொன்னாள்.

'நாரையார் மீன் பிடிக்கப் போனார். பொழுது ஏறியது. கொக்கம்மா கிளையிலிருந்து கத்தினார்: மீனைப் பிடிக்கப் போனீங்களா, மீனோட குடும்ப விவரத்தை விசாரிக்கப் போனீங்களா?'

ஜாபிருக்குச் சிரிப்பில் வேர்க்கடலை புரையேறியது. நஃபீசாவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. கேட்கவேண்டிய கேள்விதானே என்று நினைத்தாள். போன மாதம் மீன் கடையில் போய் நின்றுவிட்ட ஒரு மனிதரைப் பார்த்து அவளும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்டாள். ஏறக்குறைய என்ன, இப்படியேதான்.

சிரிப்பு உதட்டோரத்திலேயே நின்றுபோனது. சே, எல்லார் வீட்டிலும் கேட்பதுதான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது பெட்டி மூங்கில் புதருக்குள்ளே இருந்தது. அதை ஜாபிர் கையிலிருந்து பிடுங்கி அவளே படித்தாள்.

'மழை வந்தது. காயப்போட்ட இறகுகளை எடுத்துவரச் சொன்னார் கொக்கம்மா. நாரையார் பத்திரமாக எடுத்துவந்தார். கொக்கம்மா பார்த்தார். இறகை எடுத்துட்டு கிளிப்பை மழையில விட்டுட்டு வந்திருக்கீங்களே, கிளிப்பு என்ன குளிக்கணும்னு கேட்டுச்சா?'

நஃபீசா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ரம்பம் கோணலாகப் போன விளிம்பு. சிவப்புப் பெயிண்ட். அதே சிவப்பு இன்னும் அவள் வீட்டு ஹால் தரையில் இருக்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"சுமையா."

சுமையா மூங்கிலை எண்ணுவதுபோல நின்றாள்.

"யாரு எழுதுனது இது?"

"வாப்பா."

"உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும். சொன்னா நீங்க வரமாட்டீங்க."

"காக்கா, உங்களுக்கு?"

"சத்தியமாத் தெரியாதும்மா!" ஜாபிர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்துவிட்டு, "கிளிப்பு குளிக்கணும்னு கேட்டுச்சான்னா கேட்டே?" என்றார். அவர் தோள் குலுங்கியது.

நஃபீசாவுக்குக் காதெல்லாம் சுட்டது. தினமும் மதியம் டிபன் கேரியரில் சோறு போட்டு, மகள் கையில் ஜஸீலா வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். கோபம் வேறு, சோறு வேறு என்று நினைக்கிறவள். அந்த மனிதர் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்து, அவள் பேசிய பேச்சையெல்லாம் எழுதிக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் வைத்திருக்கிறார். ஊரே வந்து சத்தம் போட்டுப் படிக்கிறது, சீல் வேறு குத்திக்கொள்கிறது!

"நான் போறேன். வண்டியை எடுங்க."

"பாதி ஏரி வந்துட்டோம்மா. திரும்பிப் போனாலும் இதே தூரம்தான்" என்றார் ஜாபிர்.

அது உண்மை. ஏரியைச் சுற்றியவர்களுக்கெல்லாம் தெரிந்த உண்மை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஏரியில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்று அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. "என்ன பார்வை?" என்று அதையும் கேட்டுவிட்டாள்.

---

நான்காவது பெட்டியை ஏற்கெனவே பட்டுக்கோட்டைக் குடும்பம் ஒன்று எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாரையார் ரசத்துக்கு உப்பு போதாது என்று சொன்ன கட்டம். அதற்குக் கொக்கம்மா சொன்ன பதிலை அந்தச் சின்னப் பையன் கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"பாவங்க அந்த நாரை" என்றாள் அந்த அம்மா, நஃபீசாவைப் பார்த்து. "எப்படித்தான் அந்தக் கொக்கோட குடும்பம் நடத்துதோ!"

"பாவமா?" என்றாள் நஃபீசா. "என்னங்க பாவம்? அந்த நாரை வருஷக்கணக்கா எங்கயோ கண்காணாத ஏரிக்குப் போயிருச்சு. மரத்தைப் பார்த்துக்கிட்டது யாரு? புயல்ல ஓடு பறந்தப்ப ஏறி நின்னு தார்ப்பாய் கட்டுனது யாரு? குஞ்சுக்கு டெங்கு வந்தப்ப தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கிடந்தது யாரு? திடீர்னு ஒருநாள் வந்து, ரசத்துல உப்பு இல்லைன்னு சொன்னா, கொக்கு ரெண்டு வார்த்தை பேசாதா?"

அந்த அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். "இதெல்லாம் எந்தப் பெட்டியில இருந்துச்சு? நாங்க பார்க்கலையே?"

"இது எழுதலை. எழுத விட்டுப்போச்சு."

"நீங்க சொல்றதும் நியாயமாத்தாங்க இருக்கு" என்றார் அந்தக் கணவர். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் குடும்பம் அங்கிருந்து நகர்ந்தது.

ஜாபிர் பொட்டலத்தை நீட்டினார். நஃபீசா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொல்லியிருப்பாள், யாராவது கேட்டிருந்தால்.

ஐந்தாவது பெட்டி தண்ணீருக்கு மிக அருகில், ஒரு நாணல் திட்டை ஒட்டிய கல்லுக்கு அடியில் இருந்தது. சுமையா எடுத்து உம்மாவிடம் நீட்டினாள். இந்தத் தடவை யாரும் பிடுங்கவில்லை, யாரும் சிரிக்கவும் தயாராக இல்லை. நஃபீசா படித்தாள்.

'நாரையார் ஒருநாள் சிவப்புப் பழங்களைக் கொண்டுவந்தார். குஞ்சுகளுக்கு ஒரு விளையாட்டுச் செய்ய நினைத்தார். பழம் நசுங்கிக் கூடு முழுக்கக் கறை. கொக்கம்மா அலுத்துப்போயிருந்தார். அன்று விடியற்காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. கறையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை இந்தக் கதையில் இல்லை. நாரையார் பறந்து போய்விட்டார்.'

"என்ன வார்த்தையாம்?" என்றார் ஜாபிர்.

அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் பட்டுக்கோட்டையில் கடையில் இருந்தார். கொத்தனார்கள் காதில் விழுந்தது, ஆனால் அவர்கள் வெளியூர். வீட்டை விட்டுப் போனவர் தங்கையிடம் கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் ஜஸீலா தெருவையே கூட்டியிருப்பாள்.

மீனைச் சொன்னார், கிளிப்பைச் சொன்னார், ரசத்தைச் சொன்னார். ஊர் சிரிக்கும்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஊர் காறித் துப்பும்படியான அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். நஃபீசாவுக்கு இதுவரை அவர்மேல்தான் கோபம். இப்போது அந்தக் கோபம் போக்கிடம் இல்லாமல் அவள்மேலேயே திரும்பியது. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அவள் உட்காரவே இல்லை என்பதை அவர் பார்த்திருக்கிறார் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

"சீலைக் குத்து" என்று மகளிடம் சொன்னாள்.

---

கடைசித் துப்பில் பெட்டி இல்லை. 'நாவல் மரத்தடிக்கு வாருங்கள்' என்று மட்டும் இருந்தது.

நாவல் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேசை. அதன் பின்னால் சலாஹுதீன். வெள்ளைச் சட்டை, கைலி, மூக்குக்கண்ணாடி. எதிரில் மூன்று நான்கு குடும்பங்கள் வரிசையில் நின்றன. பக்கத்தில் கனிமொழி தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு குழுவிடமும் ஒரே கேள்வி: "கொக்கம்மா இப்ப என்ன சொன்னா நாரையார் திரும்பி வருவார்?" கதையின் முடிவை வருகிறவர்கள்தான் சொல்லவேண்டும். பட்டுக்கோட்டைச் சின்னப் பையன், "பிரியாணி செஞ்சிருக்கேன், வாங்கன்னு சொல்லணும்" என்றான். சலாஹுதீன் யோசித்துவிட்டு, "வந்துருவார்" என்று சீலைக் குத்தினார். இன்னொரு பெண்பிள்ளை, "சாரி சொல்லணும்" என்றாள். அதற்கும் வந்துவிட்டார். யார் எதைச் சொன்னாலும் அந்த நாரை வந்துகொண்டேயிருந்தது.

நஃபீசாவின் முறை வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சேறு பூசிய செருப்பையும் நாயுருவி ஒட்டிய அபாயாவையும் பார்த்தார். "வா" என்றார்.

"கொக்கு இவ்வளவு பேசுமா?" என்றாள் நஃபீசா.

"குறைச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"கொக்கு பண்ணுனது எதையுமே எழுதலை. பேசுனதை மட்டும் எழுதியிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது தப்புதான். அதெல்லாம் நான் பக்கத்துல இருந்து பார்க்கலையே, நஃபீசா. எப்படி எழுதறது?"

பின்னால் வரிசையில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஜாபிர் அவர்களைப் பார்த்து, "கொஞ்சம் நேரமாகுங்க, இவங்க பெரிய குழு" என்றார்.

"அந்த ஒரு வார்த்தையை ஏன் விட்டீங்க?"

"அது ஊருக்குத் தெரியவேண்டியது இல்லை."

நஃபீசா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் பேச நினைத்தாள். அவள் குரலுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் இல்லை.

"நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அலுப்புல வந்துருச்சு. அலுப்புல வந்தாலும் தப்பு தப்புதான். காக்கா வந்து கூப்புடுறதுன்னா அதுக்குள்ள உலகம் அழியுற கியாமத் நாளே வந்துரும். முறையாவது மண்ணாவது, நானே கூப்புடுறேன். புதன்கிழமை எங்கயும் போகாதீங்க. வாங்க, வூட்டுக்குப் போவோம்."

சுமையா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சலாஹுதீன் அட்டையை வாங்கி, நேராக வைத்து, சீலை அழுத்திக் குத்தினார். "டிக்கெட்டை முந்தாநாள் கேன்சல் பண்ணிட்டேன்."

நஃபீசா அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னாள். அவ்வளவுதான், முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்றுகூட அவள் மனசு ஓடத் தொடங்கிவிட்டது.

"ஆனா அந்த வூட்டுக்கு நான் வரலை" என்றார்.

"என்ன?"

"கோபம் இல்லை. உன் மேல சத்தியமா இல்லை. இந்தக் காட்டையும் நாத்தங்காலையும் பார்த்துக்க இவங்களுக்கு ஒரு ஆள் வேணுமாம், நான் சரின்னுட்டேன். அதோ, கரைக்குக் கீழே ஓட்டு வூடு தெரியுதே, அதை வாடகைக்குப் பேசியிருக்கேன். ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். "என் பேர்ல முதல் வூடு. உம்மா வூடு தங்கச்சிக்குப் போச்சு. ஷார்ஜாவுல கம்பெனி ரூம். அப்புறம் உன் வூடு. இதுவரைக்கும் யாரையும் 'என் வூட்டுக்கு வாங்க'ன்னு நான் கூப்பிட்டதே இல்லை, நஃபீசா. நீயும் சுமையாவும் வர்றீங்களா?"

ஜாபிரின் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது.

"என்ன பேசுறீங்க?" என்றாள் நஃபீசா. அலுப்பு, ஆத்திரம், சேறு, வெயில் எல்லாம் சேர்ந்து அவள் தலைக்கு ஏறின. "சொந்த வூட்டைப் பூட்டிப் போட்டுட்டு? எங்கயாவது பொம்பளை போய் புருஷன் வூட்டுல இருப்பாளா?"

கனிமொழி அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள். "அக்கா, நான் இருக்கேன்ல? எங்க அம்மா, பெரியம்மா, என் நாத்தனார், எல்லாரும் அப்படித்தான் இருக்கோம். உங்க ஊரை விட்டா எல்லா ஊர்லயும் அதான்க்கா."

நஃபீசா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வயதாகியும் இந்த விஷயத்தை அவள் யோசித்ததே இல்லை. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "பயமா இருக்காதா?"

கனிமொழியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இருக்கும்க்கா. நல்லவங்கதான் எங்க வீட்டுல. ஆனாலும் என்னைக்காவது ஒருநாள் யாராவது சொல்லிருவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

எதைச் சொல்லிவிடுவார்களோ என்று அவள் விளக்கவில்லை. நஃபீசாவுக்கு விளக்கவேண்டியும் இருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் அந்தப் பயத்தோடுதான் அவள் வாசல்படி ஏறியிருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம் பெட்டியை ஹாலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வைக்கட்டுமா என்று கேட்பார். இவள் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

"உம்மா, என்ன சொல்றீங்க?" என்றாள் சுமையா.

"இப்பவே எதையும் ஒத்துக்கிட்டதா நெனைக்காதே." அவள் மகளிடம் சொன்னாலும் அது மகளுக்கு அல்ல. "ஓட்டு வூடு ஒழுகுமா, தண்ணி வருமா, பள்ளிக்கூட வேன் வருமான்னு ஒண்ணும் கேக்காம இவங்கபாட்டுக்குப் பேசிட்டு வந்திருப்பாங்க. முதல்ல நான் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் பேச்சு."

சலாஹுதீன் மேசையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். வரிசையில் நின்றவர்களைக் கனிமொழி பார்த்துக்கொண்டாள். கரையிலிருந்து சின்னப் பாதை ஒன்று கீழே இறங்கியது. அவர் முன்னால் போனார். நஃபீசா பின்னால் போனாள், ஓட்டில் பாசி, சுவரில் விரிசல், வாசலில் கோழி என்று வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே. அவளுக்குப் பின்னால் ஜாபிரும் சுமையாவும்.

வாசல் வந்தது. சலாஹுதீன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

குறை சொல்லிக்கொண்டிருந்த வாய் நின்றது. நஃபீசா செருப்பைக் கழற்றினாள். உள்ளே காலை எடுத்துவைக்கப் போனவள் வைக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு, அவள் குரலா அது என்று ஜாபிரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சின்னக் குரலில் கேட்டாள்:

"நான் உள்ளே வரலாமா?"